சொந்தமாக சாஃப்ட்வேர் எழுதி வாங்க யாரைப் பிடிப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறுதொழில் செய்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பல, தங்கள் தொழிலுக்கென்று தனியாக சாஃப்ட்வேர் எழுதி வாங்குவது பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் இங்கே சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி எடுப்பது) எல்லாம் வெளியில் கொடுத்து வாங்குகிறோம்; கட்டிங்கும் தையலும் மட்டும் எங்களிடம். துணி எங்கே எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தால் போதும். மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டேன். ஒருவர் 80,000 ரூபாய், ஒருவர் மூன்றரை லட்சம், இன்னொருவர் 11 லட்சம் என்கிறார். யாரிடம் கொடுப்பது?

மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை. நீங்கள் சொன்ன நாலு வரியைக் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு சாஃப்ட்வேரை மனதில் நினைத்துச் சொன்ன விலை அது. 80,000 சொன்னவர் நாலு என்ட்ரி திரை, இரண்டு ரிப்போர்ட் என்று நினைத்திருப்பார். 11 லட்சக்காரர் பீஸ் ரேட் சம்பளம், ஏற்றுமதி டாகுமெண்ட் வரைக்கும் போயிருப்பார். இந்த நிலையில் மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை.

உங்கள் தொழிலில் கணக்கு எங்கே சிக்குகிறது என்று உங்களுக்கே தெரியும். நூல் கிலோவில் போகிறது, துணி ரோலாக வருகிறது, சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பினால் எடை மாறியிருக்கிறது, கட்டிங் முடிந்ததும் கிலோ கணக்கு பீஸ் கணக்காகிவிடுகிறது. ஒரு லாட் இரண்டு தவணையாகத் திரும்பி வரும். ஷேடு சரியில்லை என்று அதில் பாதி மறுபடி டையிங்குக்குப் போகும். அதைப் புது டிசியாக (சரக்குடன் அனுப்பும் டெலிவரி சலான்) போடுவதா, பழைய டிசியிலேயே கழிப்பதா? சாயப்பட்டறையிலிருந்து காம்பாக்டிங்குக்குத் துணி நேராகப் போய்விடும், உங்கள் வாசலுக்கே வராது. அதை யார், எப்போது என்ட்ரி போடுவது? ஒழுங்காக எழுதிய சாஃப்ட்வேர்கூட இந்த மாதிரி இடங்களில்தான் படுத்துவிடுகிறது. அப்புறம் ஆறே மாதத்தில் எல்லாரும் நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

அதனால் மூவரையும் ஆளுக்கு அரை நாள் கம்பெனிக்கு வரச் சொல்லுங்கள். டிசி புத்தகத்தை எடுத்து முன்னால் வையுங்கள். “எடை குறைந்து வந்தால் யார் ஒத்துக்கொள்வார்கள், எத்தனை சதவீதம் வரை?”, “ஒரே டிசியில் இரண்டு கலர் வருமா?” என்று கேட்டு, டிசி எழுதும் பையனிடமே பேச உட்கார்ந்துவிடுகிறவரைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு மணி நேரம் வேறொரு கம்பெனியின் டெமோ காட்டுகிறவர், எவ்வளவு அழகாகக் காட்டினாலும், உங்கள் தொழிலைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் ஆள் தேர்ந்தெடுக்கும்போது எடை போடுவது முதலில் இதைத்தான். எந்த டெக்னாலஜி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பிடித்த ஒருவருக்கு ஆய்வு வேலையை மட்டும் தனியாகப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். என்னென்ன திரை, எதில் யார் என்ட்ரி போடுவார்கள், என்னென்ன ரிப்போர்ட், எதெல்லாம் இதில் வராது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ பத்துப் பதினைந்து பக்கம் எழுதித் தர வேண்டும். காசு கொடுத்து வாங்கியதால் அந்தத் தாள் உங்களுடையது. அதை மூவரிடமும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். 80,000 மேலே ஏறும், 11 லட்சம் கீழே இறங்கும். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

ஒரு விஷயம் அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாளிடம் வேலை செய்து வாங்க, அனுப்பிய சரக்கு 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். வராவிட்டால் அனுப்பிய தேதியிலேயே சப்ளை செய்ததாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். எந்த டிசி எத்தனை நாளாக நிலுவையில் நிற்கிறது என்ற ரிப்போர்ட்டும், ஜாப் ஒர்க் சரக்குக் கணக்கை ஜிஎஸ்டிக்குக் காட்டும் ஐடிசி-04 படிவத்துக்கு வேண்டிய விவரமும் சாஃப்ட்வேரிலிருந்தே வர வேண்டும். பேச்சுவாக்கில் ஐடிசி-04 பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஜாப் ஒர்க் கணக்கில் கைவைத்த அனுபவம் இருப்பவருக்கு அது புதிதாக இருக்காது.

கும்பகோணத்தில் மளிகைக் கடை. பில் தமிழில் வர வேண்டும் என்பதற்காகத் தனி சாஃப்ட்வேர் எழுதலாம் என்று இருக்கிறேன். சரியா?

வேண்டாம். மளிகை பில்லிங் ஆயிரக்கணக்கான கடைகளுக்குப் பொதுவான வேலை. தயாராக விற்கும் பில்லிங் சாஃப்ட்வேர்களிலேயே தமிழில் அச்சடிப்பவை இருக்கின்றன. ஜிஎஸ்டி விகிதம் மாறினால் அவர்களே அப்டேட் கொடுப்பார்கள். தனியாக எழுதி வாங்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீங்கள்தான் ஆளைத் தேட வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் கடை தெர்மல் பிரிண்டரிலேயே அடித்துப் பாருங்கள். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்து இருக்காது. சாஃப்ட்வேர் ஒவ்வொரு வரியையும் படமாக மாற்றி அனுப்பினால்தான் ‘கொத்தமல்லி’ உடையாமல் வரும். அப்படி அனுப்பும்போது சில பிரிண்டர்களில் வேகம் குறையும். சாயங்காலக் கூட்டத்தில் நாற்பது ஐட்டம் பில் எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். பொருள் பட்டியல் அகரவரிசையில் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ற, ள, ழ மூன்றும் வகரத்துக்குப் பின்னால் வர வேண்டியவை. யூனிகோடு (கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்கள்) வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டால் அவை வகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். தமிழைக் கவனித்துச் செய்தவரா என்பது அந்த ஒரு பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

சேலத்தில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். 4 வருடத்துக்கு முன் ஒருவர் எங்களுக்காக புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார். இப்போது வேறொருவரை வைத்து மாற்றலாம் என்று சோர்ஸ் கோடு (சாஃப்ட்வேரின் மூல நிரல்) கேட்டால், “அது என்னுடையது, தர முடியாது” என்கிறார். காசு கொடுத்தது நாங்கள்தானே?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் சட்டம் அவர் பக்கம்தான் சாய்கிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைத்திருக்கிறது. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் எழுதியிருந்தால் உரிமை உங்களுடையது. வெளியாளாக ஒப்பந்தத்துக்கு எழுதினால், எழுதியவரே முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். பணம் கொடுத்த ரசீது அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது.

இப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். சண்டை போடும் முன் டேட்டாவை வெளியே எடுங்கள். பார்ட்டி பட்டியல், எல்ஆர் (லாரி ரசீது) விவரம், பாக்கி எல்லாவற்றையும் எக்செல்லாக இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். சோர்ஸ் கோடு அவருடையதாக இருக்கலாம், உங்கள் புக்கிங் விவரம் உங்களுடையது. அடுத்து, வெப்சைட்டின் டொமைன் (முகவரிப் பெயர்) யார் பெயரில் இருக்கிறது, சர்வர் பில் யாருடைய கார்டுக்குப் போகிறது என்று பாருங்கள். இரண்டும் அவர் பெயரில் இருந்தால் கோடைவிட அதைத்தான் முதலில் பேசி வாங்க வேண்டும். டொமைன் போனால் உங்கள் ஆபீஸ் ஈமெயிலும் சேர்ந்து போகும். அதற்குப் பிறகு சோர்ஸ் கோடுக்கு ஒரு தொகை பேசுங்கள். வக்கீல் நோட்டீஸைவிட இது சீக்கிரம் முடியும். அவர் கேட்கும் தொகை, புதிதாக எழுதும் செலவில் பாதியைத் தாண்டினால் நான் புதிதாக எழுதச் சொல்வேன். 4 வருடத்தில் உங்கள் தொழிலும் மாறியிருக்கும்.

புதிதாக எழுதி வாங்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி சேர்க்க வேண்டும்: “முழுப் பணமும் செலுத்தியதும் இந்த மென்பொருளின் பதிப்புரிமை, அதன் காலம் முழுவதற்கும், எல்லா நாடுகளுக்கும், வாங்குபவருக்கு மாற்றப்படுகிறது.” காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 வருடத்துக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதுபவர் தன்னிடம் ஏற்கெனவே இருந்த பொதுக் கோடையும் ஓப்பன் சோர்ஸ் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட) பகுதிகளையும் இதில் சேர்க்க மாட்டார், அது நியாயம்தான். அவற்றை நீங்கள் என்றைக்கும் பயன்படுத்தலாம் என்று மட்டும் எழுதி வாங்குங்கள்.

டொமைன், சர்வர் கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு, எஸ்எம்எஸ் அனுப்புவதற்கான டிஎல்டி பதிவு எல்லாமே உங்கள் கம்பெனி பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் மொபைல் நம்பரில் திறக்க வேண்டும். டெவலப்பருக்கு அதில் ஒரு லாகின் கொடுத்தால் போதும். எழுதிய கோடைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கணக்கும் அப்படியே. “முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன்” என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றன்றைக்கு எழுதியது அன்றன்றைக்கு உங்கள் கணக்கில் ஏற வேண்டும். நல்ல டெவலப்பர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருடம். “மாமா, நானே செய்து தருகிறேன்” என்கிறான். அவனிடம் கொடுக்கலாமா, கம்பெனியிடம் போகலாமா? (ஹார்டுவேர் கடை, திண்டுக்கல்)

பையனுக்கு வாய்ப்புக் கொடுங்கள். ஆனால் நின்றுபோனால் கடை நிற்காத வேலையாகக் கொடுங்கள். பொருள் பட்டியலுடன் ஒரு வெப்சைட் கொடுக்கலாம். பில்லிங்கும் ஸ்டாக்கும் வேண்டாம். அடுத்த வருடம் அவனுக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். அப்போது மார்ச் கடைசியில் கணக்கு இடித்தால் ராத்திரி பத்து மணிக்கு அவனைக் கூப்பிட உங்களுக்கே மனசு வராது. காசு விஷயத்தில் அக்காவிடமும் பேச முடியாது.

கம்பெனிக்குப் போனாலும் ஒன்று கேளுங்கள். உங்களிடம் பேசி ஆர்டர் வாங்குபவர் வேறு, கோடு எழுதுபவர் வேறு. எழுதப்போகிறவரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். தனி ஆளாக வேலை பார்க்கும் நல்லவர்களும் உண்டு. அவருக்கு உடம்பு முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பதற்கு அவரிடம் ஒரு பெயர் இருக்க வேண்டும். 3 வருடத்துக்கு முன் செய்துகொடுத்த கடைக்காரர் ஒருவரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். போன மாதம் முடித்த வேலையைவிட அதுதான் சங்கதி சொல்லும்.

திருநெல்வேலியில் ரத்தப் பரிசோதனை நிலையம். பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பாதி அதிகம். தொடங்க 20 சதவீதம் கொடுங்கள். மீதியை, உங்கள் ஆட்கள் உட்கார்ந்து பயன்படுத்திப் பார்க்கக்கூடிய ஒவ்வொரு பகுதியும் கைக்கு வரும்போது கொடுங்கள். கடைசி 15 சதவீதத்தை, ஒரு மாதம் நிஜமாக ஓடிய பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். டெமோவில் ‘டெஸ்ட் 1’, ‘டெஸ்ட் 2’ என்ற பெயர்களை வைத்துக் காட்டுவதை ஏற்காதீர்கள். போன வாரத்தில் ஒரு நாள் வந்த சாம்பிள்கள் அத்தனையையும் அதில் ஏற்றச் சொல்லுங்கள். வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு, தப்பைச் சரிசெய்வது எது, புது வேலை எது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பின்னால் வரும் மனஸ்தாபங்கள் அநேகமாக இதில்தான்.

உங்களிடம் இருப்பது நோயாளிகளின் விவரம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு வைக்காமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. அந்தப் பொறுப்பு உங்கள் நிலையத்துக்குத்தான், டெவலப்பருக்குப் போகாது. ஆளுக்கொரு லாகின் இருக்கிறதா, ரிப்போர்ட் லிங்க்கில் ஒரு நம்பரை மாற்றினால் அடுத்தவர் ரிப்போர்ட் திறக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பேக்கப் தினமும் எடுக்கிறோம் என்று சொன்னால், நேற்றைய பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் கண் முன்னால் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஏஐ வைத்து ஒரே வாரத்தில், பத்தில் ஒரு பங்கு செலவில் பில்லிங்கும் ஸ்டாக்கும் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா? (பம்ப் உதிரிபாகம், கோயம்புத்தூர்)

கோடு எழுத இப்போது நிறையப் பேர் ஏஐயைப் பயன்படுத்துகிறார்கள், அதில் தவறில்லை. திரை சீக்கிரம் வந்துவிடும், உண்மைதான். உங்கள் தொழிலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நேரம் மட்டும் அதனால் குறையாது. ஒரு வாரத்தில் முடிப்பவர் அதற்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் கஸ்டமர் பட்டியலையும் விலையையும் அப்படியே ஏஐக்குள் போட மாட்டேன் என்று எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஸ்டாக்கில் ஒரே ஒரு இம்பெல்லரை வைத்துவிட்டு, இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் அதை பில் போடுங்கள்; ஒன்றுதான் போக வேண்டும். ஒரு பில்லை ரத்து செய்துவிட்டு அதே நம்பரில் இன்னொன்று போட முயன்று பாருங்கள், விடக் கூடாது. வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் 2023 ஆகஸ்ட் முதல் மற்ற கம்பெனிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவு செய்த பில்) கட்டாயம். அதையும் டெஸ்ட் போர்ட்டலில் ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு இருக்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. உங்கள் ஆடிட்டரையும் அந்த டெமோவுக்குக் கூப்பிட்டு, பழைய பில் ஒன்றில் விலையை அவர் கையாலேயே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.