பாஸ்டியன், சிட்டடெல் எல்லாமே கோட்டைதானா?

மொழிபெயர்ப்பில் ஃபோர்ட், பாஸ்டியன், சிட்டடெல் மூன்றுக்கும் ‘கோட்டை’ என்றே போட்டிருக்கிறேன், சரியா என்று கேட்டிருந்தீர்கள். ஃபோர்ட்டுக்குச் சரி. பாஸ்டியன் முழுக் கோட்டை அல்ல. மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பகுதி. அங்கிருந்து மதிலை ஒட்டி வரும் எதிரியைப் பக்கவாட்டில் சுடலாம். நம்மிடம் அதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது: கொத்தளம். ‘கோட்டை கொத்தளம்’ என்று சேர்த்தே சொல்லிப் பழகியதால் தனிப்பொருள் மங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சிட்டடெல் இத்தாலிய மொழியில் ‘சிறு நகரம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சிரியாவின் அலெப்போ நகரில் இருப்பதுபோல ஊருக்குள் மேட்டில் நிற்கும் உட்கோட்டை.

அப்புறம், உங்கள் கட்டுரையில் வரும் ‘ஜனநாயகத்தின் கடைசி பாஸ்டியன்’ உருவகம். அங்கே கொத்தளம் ஒட்டாது. ‘கடைசி அரண்’ என்று போடுங்கள். ஒரு கட்சிக்குச் செல்வாக்குள்ள இடத்தைச் சொல்லும் ‘ஸ்ட்ராங்ஹோல்டு’க்குக் கவலையே வேண்டாம், ‘அந்தக் கட்சியின் கோட்டை’ என்று தேர்தல் செய்திகளில் தினமும் எழுதுகிறார்களே!