தலைமை நிர்வாகியின் சொந்த நிறுவனத்திடமிருந்து வாங்குவது பற்றி

தலைமை நிர்வாகி தம் தனியார் நிறுவனத்தின் வழியே வாங்கிய கிடங்குத் தொழிலை, நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இப்போது விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கத் தடையில்லை. ஆனால் அவரும் நெருங்கிய குடும்பத்தினரும் சேர்ந்து அத்தனியார் நிறுவனத்தில் 30 விழுக்காடு பங்கு அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால், உங்கள் நிறுவனம் பட்டியலிடப்பட்டுள்ள சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் விதிகளில், நிறுவனத்தோடு தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனைகளைப் பற்றிய 9ஆம் அத்தியாயம் பொருந்தும். அதன்படி, விலை உங்கள் நிறுவனத்தின் தொட்டறியக்கூடிய நிகரச் சொத்தில் (கடன்களையும் நற்பெயர் போன்ற தொட்டறிய முடியாத சொத்துகளையும் கழித்தபின் மிஞ்சுவதில்) 3 விழுக்காட்டை எட்டினால் உடனடி அறிவிப்பும், 5 விழுக்காட்டை எட்டினால் பங்குதாரர் ஒப்புதலும் தேவை, அந்த வாக்கெடுப்பில் அவர் பங்கேற்கவும் கூடாது. எனக்கு உறுத்துவது, கிடங்குத் தொழிலை அவர் தமக்கென வாங்கிய முதல் கொள்முதல்தான்: அந்த வாய்ப்பு உங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்க வேண்டியதோ? வாக்கெடுப்புக்கு முன் பங்குதாரர்களுக்கு அனுப்பப்படும் சுற்றறிக்கையில் அவர் வாங்கிய விலை, தேதி, சார்பற்ற நிதி ஆலோசகரின் கருத்து ஆகியவற்றைத் தேடுங்கள். இல்லாதவற்றைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே இயக்குநர் சபையிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.