தானாகச் சுண்டும் தூண்டில்: கேள்வி பதில்

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் டெல்டாவில் பரணில் கிடந்த தூண்டில் எல்லாம் கீழே இறங்கிவிடும். இப்போது மூங்கில் கழியோடு ஸ்பிரிங் ஸ்டாண்டும் கரைக்கு வருகிறது. கோலை வளைத்து டிரிக்கரில் மாட்டி வைக்க வேண்டும். மீன் இழுத்ததும் டிரிக்கர் விடுபட்டுக் கோல் தானாகச் சுண்டும். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: ஸ்பிரிங் தெறிக்கிறது, மீன் மாட்டவில்லை.

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, பாமணியாற்றில் ஸ்டாண்டு வைத்தேன். நாலு தடவை தெறித்தது, நாலு தடவையும் வெறும் முள்தான். ஸ்டாண்டில் கோளாறா?

ஸ்டாண்டை மாற்றுவதற்கு முன்னால் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பைப் பாருங்கள் தம்பி. ஆறு ஓடும்போது குறுக்கே வீசினால் நரம்பு நேராக நிற்காது, தண்ணீர் அதை வில்லாக வளைத்துவிடும். ஸ்பிரிங் தெறித்தால் கோல் நுனி நகர்வது ஒன்றிரண்டு அடி. நரம்பில் இருக்கும் தொய்வு அதைவிட அதிகமாக இருந்தால், அந்தச் சுண்டல் முழுவதும் தொய்வை எடுப்பதிலேயே தீர்ந்துபோகும். முள்ளுக்கு ஒன்றும் போய்ச் சேராது. மீன் ஏதோ அசைந்தது என்று இரையைத் துப்பிவிட்டுப் போய்விடும்.

அதனால் ஓட்டத்துக்குக் குறுக்கே போடாமல், கரையோரமாகக் கீழ்ப்பக்கம் போடுங்கள். ஓட்டமே நரம்பை இழுத்து நேராக வைத்துக்கொள்ளும். ஈயத்தை ஒரு படி கனமாக்குங்கள். போட்டபின் ரீலை மெல்லச் சுற்றி, நரம்பு விறைத்த பிறகே கோலை வளைத்து மாட்டுங்கள். சாதாரணத் தங்கூசி இழுத்தால் நீளும். தூரமாகப் போடுகிறவர்கள் பிரெய்டு என்ற பின்னல் நரம்புக்கு மாறலாம், அது நீளாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆற்றில் எவ்வளவு தூரம் போடுவீர்களோ அதே தூரத்தில், களத்திலோ வரப்பிலோ ஒரு துண்டு வாழைத்தண்டைக் குச்சியால் தரையோடு அடித்து நிறுத்துங்கள். முள் நுனியை அதில் லேசாகப் பதித்து, நரம்பை விறைப்பாக்கி, டிரிக்கரைத் தட்டிவிடுங்கள். அந்த நேரம் நரம்புக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. பிறகு போய்ப் பாருங்கள். முள்ளின் உள்பக்கம் இருக்கும் எதிர்முள் தண்டுக்குள் மறைந்திருந்தால் சரி. நுனி மட்டும் கீறியிருந்தால் மீன் வாயிலும் அவ்வளவுதான் ஏறும். அப்படியானால் தூரத்தைக் குறையுங்கள், அல்லது கோலை இன்னும் கொஞ்சம் வளைத்து மாட்டுங்கள். அதற்கும் ஏறவில்லை என்றால் முள் மழுங்கியிருக்கிறது. கட்டைவிரல் நகத்தின் மேல் முள் நுனியை வைத்து மெல்ல இழுங்கள். நகத்தில் பிடித்துக்கொண்டால் கூர் இருக்கிறது, வழுக்கினால் அந்த முள் வேண்டாம். ஸ்டாண்டுக்குப் பணம் கொடுத்த எத்தனையோ பேர் பழைய துருப்பிடித்த முள்ளையே கட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மீனின் வாயைத் தொடுவது முள் ஒன்றுதான்.

திருவாரூரிலிருந்து: ஓடம்போக்கியாற்றில் கெளுத்தி மண்புழுவைத் தின்றுவிட்டுப் போகிறது. டிரிக்கர் அசையவே இல்லை. ஏன்?

புழுவை முள் முழுக்கக் கோத்து, நுனியையும் மூடி, கீழே மூன்று விரல் நீளம் தொங்கவிட்டிருப்பீர்கள். சின்னக் கெளுத்தியும் ஜிலேபியும் அந்தத் தொங்கலைத்தான் கிள்ளித் தின்னும். முள் சின்னதாக இருக்கட்டும், புழுவும் பாதியாக இருக்கட்டும், முள் நுனி வெளியே தெரியட்டும். புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது மீனுக்குக் கண் தெரியாது, வாசனையை வைத்துத்தான் வரும். முள் தெரிகிறதே என்ற கவலை வேண்டாம். டிரிக்கரையும் லேசாக வையுங்கள். காற்றில் தெறிக்காத அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும்.

பாபநாசத்திலிருந்து: குடமுருட்டியில் விராலுக்குக் கெண்டைக் குஞ்சை உயிரோடு மாட்டி வைக்கிறேன். வைத்த உடனே தெறித்துவிடுகிறது. தெறிக்காமல் இருந்து விரால் வந்தாலும் மாட்டுவதில்லை.

முதல் தொல்லை எளிது. குஞ்சு துள்ளுவதே டிரிக்கரைத் தட்டுகிறது. சின்னக் குஞ்சாகப் போடுங்கள், டிரிக்கரைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

இரண்டாவது விராலின் குணம். விரால் இரையைப் பிடித்தவுடன் விழுங்காது. வாயில் கவ்விக்கொண்டு பாசிக்குள்ளோ ஆகாயத்தாமரைக்கு அடியிலோ திரும்பும், அங்கே போய்த்தான் உள்ளே தள்ளும். கவ்விய நொடியிலேயே ஸ்பிரிங் சுண்டினால் இரை மட்டும் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதன் வாய் எலும்பாக இருப்பதால் லேசான சுண்டலில் முள் ஏறவும் ஏறாது. என் கருத்தில் விராலுக்கு இந்த ஸ்டாண்டு ஏற்றதல்ல. நல்ல மூங்கில் கழியைக் கரையில் குத்தி, கொஞ்சம் நரம்பைத் தளர்வாக விட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள். நரம்பு ஓடி விறைக்கிற நேரத்தில் கையால் ஓங்கிச் சுண்டுங்கள். மேட்டூரை மூடி ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகு, ஜனவரி கடைசிக்கு மேல், மடுவில் தேங்கி நிற்கும் தண்ணீரில் விரால் ஒதுங்கியிருக்கும். இதற்கு அதுதான் தோதான காலம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பாகக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிப் போவதைப் பார்த்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

கும்பகோணத்துக்காரர், இப்போது அமெரிக்காவின் மினசோட்டாவில்: ஐயா, சின்ன வயதில் அரசலாற்றில் தூண்டில் போட்டவன் நான். இங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். ஜாஜாக்கர் என்ற தானியங்கிக் கருவி வாங்கினேன். தெறிக்கிறது, ஆனால் பாதி மீன் தப்பிவிடுகிறது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. துளைக்கு நேர் கீழே நரம்பு இறங்குவதால், இங்கே மன்னார்குடித் தம்பிக்கு வந்த தொய்வுத் தொல்லை உங்களுக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் அந்தக் கருவியில் சுண்டும் வேலையைச் செய்வது வளைந்து நிற்கும் கோல்தான். கோல் எவ்வளவு விறைப்போ, சுண்டலும் அவ்வளவுதான். வால்ஐ, பைக் போன்ற மீனுக்கு விறைப்பான கோல் வேண்டும். கிராப்பி என்ற மீனுக்கு வாய்த்தோல் மெல்லியது. விறைப்பான கோலால் சுண்டினால் கிழிந்துவிடும், அதற்கு மென்மையான கோலைப் போடுங்கள். ஒரே கோலை எல்லா மீனுக்கும் வைத்தால் பாதி தப்பத்தான் செய்யும்.

அடுத்தது குளிர். அந்தத் தண்ணீரில் மீனின் உடம்பு மந்தமாகிவிடும், கடியும் மெல்லத்தான் இருக்கும். டிரிக்கரை எவ்வளவு லேசாக வைக்க முடியுமோ அவ்வளவு லேசாக வையுங்கள். துளையின் விளிம்பில் நரம்பு உறைந்து ஒட்டிக்கொண்டால் மீன் இழுப்பது மேலே வராது, டிரிக்கர் அசையாது. அதனால் அடிக்கடி ஜல்லிக்கரண்டி போன்ற ஒன்றால் துளையில் சேரும் பனிக்கூழை அள்ளிப் போடுங்கள். கோலின் வளையங்களிலும் பனி அடைக்கும், விரலால் நசுக்கி எடுங்கள். ரீலின் டிராக், அதாவது நரம்பு ஓடாமல் பிடித்துவைக்கும் பிடிப்பு, தளர்வாக இருந்தால் கோல் சுண்டும்போது நரம்பு வழுக்கி வெளியே ஓடிவிடும், முள் ஏறாது. தெறிக்கும்போது வழுக்காத அளவு இறுக்கி வைத்து, ஓடிப்போய்க் கோலைக் கையில் எடுத்தபின் பெரிய மீனாக இருந்தால் தளர்த்துங்கள். நடுவில் நரம்பைத் தளரவிடாதீர்கள்.

மினசோட்டாவில் பனிக்கட்டியில் ஒருவருக்கு 2 தூண்டில்தான் அனுமதி. நடந்துபோகக் குறைந்தது 4 அங்குலத் தெளிவான பனிக்கட்டி வேண்டும் என்று அங்குள்ள இயற்கை வளத்துறை சொல்கிறது. மீன் எங்கேயும் போகாது, அந்த 4 அங்குலத்தை அளந்துவிட்டுக் கால் வையுங்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போனால் இந்தக் கருவிக்கு அங்கே அனுமதி உண்டா என்று விதிப்புத்தகத்தில் பாருங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நாகப்பட்டினத்திலிருந்து: வட்ட முள் கட்டி ஸ்பிரிங் ஸ்டாண்டில் வைக்கலாமா?

கூடாது. நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள், நரம்பு மெதுவாக விறைத்தால்தான் திரும்பி வாயோரத்தில் மாட்டும். வெடுக்கென்று சுண்டினால் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். வட்ட முள் வேண்டுமானால் ஸ்பிரிங் இல்லாத, அசையாத தாங்கியில் வையுங்கள். மீன் தானே இழுத்து மாட்டிக்கொள்ளும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: புதாற்றில் ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் வந்து எடுத்தால் என்ன?

வேண்டாம் அப்பா. தானியங்கி என்றால் ஆள் வேண்டாம் என்று பொருள் இல்லை. மாட்டிய மீன் ராத்திரி முழுக்கத் துடித்து முள்ளை வாயில் ஆட்டி ஆட்டி ஓட்டையைப் பெரிதாக்கும், கடைசியில் கழன்றுவிடும். இல்லையென்றால் செத்துக் கிடக்கும். அதைவிட, இரைக்கு ஆமை வரும், தண்ணீர்ப்பாம்பு வரும், விடியற்காலையில் நீர்க்காகம் வரும். நம் குளத்து ஆமையும் காவிரி நீர்நாயும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர்கள். அவை மாட்டினாலும் பக்கத்தில் ஆள் இருந்தால் நரம்பை அறுத்து உயிரோடு விட்டுவிடலாம். கோலில் சின்ன மணி கட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும் தூரத்தில் இருங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: முள்ளிலிருந்து எடுக்கும்போது தேளி மீன் கையில் குத்திவிட்டது. அடுத்த முறை என்ன செய்வது?

குத்திய இடத்தைச் சூடு பொறுக்கும் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், அதன் விஷம் சூட்டில் முறியும். தண்ணீர் தோலை வேகவைக்கக் கூடாது, மறு கையால் முதலில் தொட்டுப் பாருங்கள். மீனின் முள் உடைந்து உள்ளே இருந்தாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எடுக்கும்போது ஈரச்சாக்கால் தலையைச் சேர்த்துப் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது. டிரிக்கர் ஒட்டிக்கொள்கிறது.

ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து, டிரிக்கர் முனையில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். துரு தின்று பள்ளம் விழுந்த ஸ்பிரிங்கைத் தேய்த்துப் பயன்படுத்தாதீர்கள், வளைத்து மாட்டும்போதே முறிந்து முகத்தில் அடிக்கும். அதை மட்டும் புதிதாக வாங்கி மாற்றிவிடுங்கள்.