மேமோகிராம் படத்தை ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 54. மேமோகிராம் எடுக்கப் போன இடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குகிறார்களாம், அதற்கு என் படங்கள் வேண்டுமாம். "பெயரை எடுத்துவிடுவோம்" என்றார் நர்ஸ். இன்சூரன்ஸ்காரர் கைக்குப் போய்விடும், கையெழுத்துப் போடாதே என்கிறாள் மகள். என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் மறுத்தாலும் பரிசோதனையோ சிகிச்சையோ நிற்கக் கூடாது. ஆய்வுக்கு எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம். எனவே அவசரமில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளோடு உட்கார்ந்து படியுங்கள்.

பெயரை எடுப்பது மட்டும் போதாது. மேமோகிராம் கோப்பில் படத்தோடு பிறந்த தேதி, மருத்துவமனை எண், படம் எடுத்த நாள் எல்லாம் ஒட்டிக்கொண்டே வரும். அடையாள எண்ணும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த 13 இலக்கங்களில் முதல் ஆறும் உங்கள் பிறந்த தேதிதான். வேறு எதையெல்லாம் நீக்குவீர்கள் என்று கேளுங்கள்.

சரி, எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் முக்கியமான கேள்வி: எந்தப் படம் யாருடையது என்ற பட்டியல் எங்காவது இருக்கிறதா? அதை அழித்துவிட்டால் உங்களை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நிம்மதிதான். ஆனால் பிறகு மனம் மாறினாலும் படத்தைத் திரும்பப் பெற வழியில்லை. டாக்டர் கண்ணில் படாத கட்டியைக் கணினி காட்டிக்கொடுத்தாலும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லை. பொப்பியா என்கிற, தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அப்படி அடையாளம் அற்றுப்போன தகவலுக்குப் பொருந்தாது. பட்டியல் மருத்துவமனையிடம் மட்டும் பூட்டி இருப்பதே நல்லது என்பேன். ஆய்வாளர் கைக்கு அது போகக் கூடாது. "ஏதாவது தெரிந்தால் என்னைக் கூப்பிடுவீர்களா?" என்று நேராகவே கேளுங்கள்.

இன்சூரன்ஸ் பயத்துக்கு வருவோம். ஆய்வுக்கென்று வாங்கிய தகவலை உங்கள் அனுமதி இல்லாமல் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனால் புதிதாக ஆயுள் காப்பீடு எடுக்கப் போனால், உடல்நிலை பற்றி அவர்களே உங்களிடம் கேட்பார்கள். உங்கள் டாக்டரிடம் விசாரிக்கவும் கையெழுத்து வாங்குவார்கள். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அது நடக்கும்.

படங்கள் வெளிநாட்டுக்கோ கம்பெனிக்கோ போகுமா என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். வெளிநாடு போவதென்றால், அங்கே இதற்கு இணையான பாதுகாப்பு இருக்க வேண்டும் அல்லது நீங்கள் சம்மதித்திருக்க வேண்டும் என்கிறது பொப்பியா.

அதற்காக எடுத்த எடுப்பில் 'முடியாது' என்று நான் சொல்லமாட்டேன். கணினி மேமோகிராம் பார்ப்பது பற்றி 2020இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்து பரபரப்பாகப் பேசப்பட்ட ஆய்வு, பிரிட்டன், அமெரிக்கப் பெண்களின் படங்களை வைத்துத்தான் நடந்தது. நம் ஊர்ப் பெண்களுக்கும் அப்படிப்பட்ட கணினி சரியாகப் பார்க்குமா என்று சோதிக்க நம் படங்கள் வேண்டும்.

கடைசியாக, ஆய்வுக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.