ஒயிட் விடோ பற்றிக் கேட்ட அம்மாப்பேட்டைத் தம்பிக்கு

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் படிக்கப் போகிறாராம். அறை வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்கிக்கொள்வது, பகுதிநேர வேலை கிடைக்குமா என்று மூன்று கேள்விகள். நான்காவதாக இன்னொன்று: "அங்கே கஞ்சா கடையிலேயே விற்கிறார்களாமே. ஒயிட் விடோ என்ற ரகம் நம்ம பக்கத்துச் செடியிலிருந்து வந்தது என்கிறார்கள், உண்மையா? ருசி எப்படி, என்ன செய்யும், ஒருமுறை எடுத்துப் பார்த்தால் தப்பா?"

முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல உங்களுக்கு நிறையப் பேர் கிடைப்பார்கள் தம்பி. குளிர் அங்கியைச் சேலத்தில் வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். அவ்வளவுதான் என் பங்கு. நான்காவதை வெளிப்படையாகக் கேட்டீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். அப்புறம் அறையில் கூட இருப்பவன் சொல்வதுதான் சட்டம்.

எனக்கு ஊர் ஏற்காடு, நாகலூர்ப் பக்கம். அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். கனடாவில் கஞ்சா சட்டப்படி ஆனது 2018 அக்டோபர் 17. நான் போய் இறங்கியது அதை ஒட்டி வந்த குளிர்காலம். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், ஒன்டாரியோவில் லெமிங்டன் என்ற ஊர்ப் பக்கத்தில் உரிமம் பெற்ற ஒரு பசுமைக்குடிலில் கஞ்சாப் பூவைக் கத்தரித்துச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கும் பொறுமை அதற்கு வேண்டும், அது என்னிடம் இருந்தது. அந்த வேலையில்தான் இந்த ரகங்களை அருகில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒயிட் விடோ பிறந்தது நெதர்லாந்தில், 1990களின் தொடக்கத்தில். ஆம்ஸ்டர்டாமின் கிரீன் ஹவுஸ் என்ற கஞ்சா விதை நிறுவனம் அதைப் பிரபலமாக்கியது. 1995இல் அந்த ஊரில் நடந்த கன்னாபிஸ் கோப்பைப் போட்டியில் வென்ற பிறகு உலகமெங்கும் பெயர் பரவியது. தாய்ச்செடி பிரேசிலைச் சேர்ந்தது, தந்தைச்செடி தென்னிந்தியாவைச் சேர்ந்தது என்பதுதான் எல்லோரும் சொல்லும் வம்சாவளி. அந்தத் தென்னிந்தியச் செடி கேரள மலைப்பகுதியிலிருந்து போனது என்பார்கள். உருவாக்கியவர் யார் என்பதில் சண்டை இருக்கிறது. ஷாந்திபாபா என்று அறியப்படும் ஆஸ்திரேலியர் ஸ்காட் பிளேக்கி ஒரு பக்கம், இங்கெமார் என்ற வளர்ப்பாளர் இன்னொரு பக்கம். ஆக, உங்கள் நண்பர்கள் சொல்வது கேரள மலை வரைக்கும்தான் பொருந்தும். நம் சேர்வராயன் மலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டொராண்டோ பக்கம் சிலர் "இது நம்ம சொத்து" என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லியே புதுப் பையன்கள் கையில் கொடுப்பார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

பூவைக் கையில் எடுத்தால் வெள்ளையாகப் பொடி படிந்த மாதிரி இருக்கும். பொடி இல்லை, பிசின் சுரக்கும் நுண்ணிய முடிகள். போதை தரும் டிஎச்சி அங்கேதான் உருவாகிறது. வாசனை முதலில் மண்ணும் ஈர மரமும், பின்னால் மிளகு, கொஞ்சம் பைன் மரம். மிளகு வாசனை வருவதற்குக் காரணம் உண்டு. மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் காரியோஃபிலின் என்ற பொருள் இந்தச் செடியிலும் இருக்கிறது. மாம்பழத்தில் இருக்கும் மிர்சீனும் உண்டு, பைன் மரத்துப் பினீனும் உண்டு. இப்போது விடுப்பில் நாகலூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடியிலிருந்து பறித்த மிளகு வாசலில் காய்கிறது. லெமிங்டனில் முதல் வாரம் அந்தப் பூவைக் கத்தரித்தபோது இந்த வாசல்தான் ஞாபகம் வந்தது. வீட்டு நினைப்பில் அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

என்ன செய்யும் என்றால், புகைத்தால் சில நிமிடங்களில் தலை லேசாகும், பேச்சு அதிகமாகும், அப்புறம் உடம்பு தளர்ந்து சோம்பல் வரும். வாய் வறளும், கண் சிவக்கும், பசி எடுக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், நேரம் நீண்டுகொண்டே போகிற மாதிரி தோன்றும். சிலருக்கு இது சுகம். சிலருக்குக் காரணமே இல்லாமல் பயம் பிடித்துக்கொள்ளும். இந்த ரகத்தில் டிஎச்சி 20 சதவீதத்தை ஒட்டி இருப்பது சாதாரணம், பழக்கமில்லாத ஆளுக்கு அது பலமான அளவு. இருபத்தைந்து வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் இருந்திருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. நம் மல்கோவாவை ஒட்டுக்கட்டினால் அதே பழம் வரும், கொட்டை போட்டு முளைக்கவைத்தால் வேறாகிவிடும் இல்லையா? கஞ்சாவும் அப்படித்தான். குச்சி வெட்டி நட்டால் அதே செடி, விதையிலிருந்து வந்தால் அண்ணன் தம்பி. ஒரே பெயரில் விற்பதை மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது வெவ்வேறு செடிகளாக இருந்திருக்கின்றன. அதனால் டப்பாவில் ஒயிட் விடோ என்று எழுதியிருப்பதைவிட, டிஎச்சி எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதுதான் முக்கியம். உரிமம் பெற்ற கடையில் அது எழுதியிருக்கும். யாரோ பாலிதீன் பையில் கொடுப்பதில் எதுவும் எழுதியிருக்காது.

தின்பண்டமாக விற்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து அதுவும் சட்டப்படி ஆனது, ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிதான் உச்சவரம்பு. சாப்பிட்டால் வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். எங்கள் அறையில் இருந்த பையன், நாமக்கல் பக்கம், அமைதியான பிள்ளை, முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று கள்ளச் சந்தையில் வாங்கிய மிட்டாயை இன்னும் இரண்டு எடுத்துவிட்டான். நள்ளிரவில் நெஞ்சு வெடிக்கப்போகிறது, செத்துப்போகப்போகிறேன் என்று அழ ஆரம்பித்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் விடியும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றிரவு அவன் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நாங்கள் நாலு பேரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அங்கே பிறந்தவனுக்குச் சட்டப்படி சரியாக இருப்பது, விசாவில் இருக்கும் உங்களை ஊருக்கு அனுப்பிவிடும்.

ஒன்டாரியோவில் 19 வயதானால் வாங்கலாம், பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம். சரி. ஆனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஜி1, ஜி2 எனப்படும் தொடக்கநிலை ஓட்டுநர் உரிமத்தில்தான் வண்டி ஓட்டுவீர்கள். அந்த உரிமத்தில் இருப்பவரிடம் எச்சில் சோதனையில் கஞ்சா துளி தெரிந்தாலும் உரிமம் அந்த இடத்திலேயே முடக்கப்படும், அபராதமும் உண்டு. போதையில் ஓட்டியதாக வழக்கே பதிவானால் கதை வேறு. 2018 டிசம்பரில் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டாக உயர்த்தினார்கள். அதனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது கடுமையான குற்றம். நிரந்தர வசிப்புரிமை வாங்கியவர்களே அதில் தண்டனை பெற்றால் உரிமையை இழக்கலாம், மாணவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவில் உணவு டெலிவரிக்கு வண்டி ஓட்டும் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? வீட்டை அடகு வைத்து அனுப்பிய அப்பா அம்மாவுக்குத் தெரியுமா? காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கும் ஏஜெண்டுகள் இதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு அவர்கள்மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

எல்லை தாண்டும்போது கையில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. கனடாவிலிருந்து வெளியே கொண்டுபோவதும் குற்றம், உள்ளே கொண்டுவருவதும் குற்றம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய்க்கும் அதே விதிதான். அமெரிக்கப் பக்கம் கூட்டாட்சிச் சட்டப்படி இன்னும் தடைதான், போதைப்பொருள் எடுத்ததாக ஒப்புக்கொண்டாலே அனுமதி மறுக்கலாம். நயாகராவில் பாலத்துக்கு அந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ஊருக்கு வரும்போது சட்டைப் பையில் மறந்துபோய் ஒரு மிட்டாய் இருந்தால்கூட இங்கே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும். சிறிய அளவு என்றாலும் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். துபாய், அபுதாபி வழியாக வருகிறவர்களுக்கு அங்கேயும் ஆபத்து.

அப்புறம் வீட்டுக்காரர்கள். நான் முதலில் இருந்த நிலவறை வீட்டின் சொந்தக்காரர் தமிழ் பேசுகிறவர்தான். என் வேலை உடுப்பில் இருந்த வாசனையைக் காரணம் காட்டி முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் அங்கே ஒருநாளும் புகைத்ததில்லை. சேத முன்பணம் என்று வாங்குவதே ஒன்டாரியோவில் சட்டவிரோதம், கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒப்பந்தத்தில் புகைக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அது கஞ்சாவையும் சேர்த்துத்தான் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நம் ஆள், நம் மொழி என்பதற்காக எதையும் படிக்காமல் விடாதீர்கள். எனக்கு ரொட்டி கொடுத்து, பனி அள்ளும் மண்வெட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் போர்த்துகீசியப் பாட்டி. இப்போது தெருவில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன்.

ஒருமுறை பார்த்தால் தப்பா என்று கேட்டீர்கள். பாவம் புண்ணியம் நான் பேசவில்லை. முதல் ஆண்டில் வேண்டாம். வண்டி ஓட்டும் காலத்தில் வேண்டாம். பரீட்சை போனால், பணம் தீர்ந்தால், தனிமை அழுத்தினால் அந்த நாட்களில் கட்டாயம் வேண்டாம், பழக்கம் அப்போதுதான் ஒட்டிக்கொள்ளும். ருசிதான் கேட்டீர்கள் என்றால், மிளகும் ஈர மரமும் கலந்த வாசனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இங்கே வாருங்கள். இந்த மாதம் முழுக்க நாகலூரில்தான் இருப்பேன். அப்பா அம்மாவையும் அழைத்து வாருங்கள், இதை அவர்கள் முன்னாலேயே பேசலாம். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன்.