‘ஆய்வில் நிரூபணமானது’ என்றால் அப்படியே பரிந்துரைக்கலாமா?

கேள்வி: அரசுத் துறையொன்றின் திட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். பள்ளி இடைநிற்றலைக் குறைக்கும் திட்டம் ஒன்றை ஓர் ஆலோசனை நிறுவனம் கொண்டுவந்திருக்கிறது. ‘இடைநிற்றல் 33 சதவீதம் குறைந்தது, ஆய்வில் நிரூபணமானது’ என்கிறார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் விரிவாக்கலாமா என்று மூன்று வாரத்தில் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுத வேண்டும். எனக்குப் புள்ளியியல் தெரியாது. எதைப் பார்ப்பது?

பதில்: கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஸ்லைடுகளை ஓரமாக வைத்துவிட்டு முழு அறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் ‘ஆதாரம் தரப்படவில்லை’ என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அறிக்கை வந்தால் ஒன்றைத் தேடுங்கள்: திட்டம் நடக்காத பள்ளிகளில் அதே காலத்தில் என்ன ஆனது? திட்டப் பள்ளிகளில் இடைநிற்றல் 12 சதவீதத்திலிருந்து 8 ஆனது என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் 33 சதவீதக் குறைவு என்பார்கள். திட்டமே இல்லாத பள்ளிகளிலும் 12 என்பது 9 ஆகியிருந்தால், திட்டத்தின் பங்கு 1 சதவீதப் புள்ளிதான். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பத்துப் பேர். ஆயிரம் பேருக்கு ஆகும் செலவைப் பத்தால் வகுங்கள். ஒரு பிள்ளையைப் பள்ளியில் தக்கவைக்க ஆகும் செலவு கிடைக்கும். உங்கள் குறிப்பின் முதல் பத்தியில் அந்த எண் இருக்க வேண்டும்.

பள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேளுங்கள். மிக மோசமாக இருந்த பள்ளிகளைப் பொறுக்கியெடுத்திருந்தால், அடுத்த ஆண்டு எண் தானாகவே சற்று இறங்கும்; மிக மோசமான ஆண்டுக்குப் பின் வழக்கமான நிலைக்குத் திரும்புவது இயல்பு. விரும்பிச் சேர்ந்த பள்ளிகள் என்றால், அங்கே ஏற்கெனவே அக்கறையுள்ள தலைமையாசிரியர் இருந்திருக்கலாம். எந்தப் பள்ளிக்குத் திட்டம், எதற்கு இல்லை என்று குலுக்கலில் பிரித்திருந்தால்தான் இந்தச் சந்தேகங்கள் பெருமளவு தீரும்.

இனி தரகர்கள், அதாவது இப்படித் திட்டம் விற்கும் ஆலோசனை நிறுவனங்கள். திட்டத்தை நடத்துவதும் அவர்கள், மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் அவர்கள். இருபது விஷயங்களை அளந்து, நன்றாக வந்த இரண்டை மட்டும் அச்சிடுவார்கள். இருபதை அளந்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாக வரும். ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று வரி வேண்டும். எதை அளக்கப்போகிறார்கள் என்பதைத் தொடங்குமுன்பே எழுதித் தேதியிட்டுத் தர வேண்டும். மூலத் தரவு துறைக்குச் சொந்தம். முடிவு எப்படி வந்தாலும் துறை வெளியிடலாம். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் துறைகள் இந்த வரிகளை விட்டுவிடுகின்றன. பிறகு தங்கள் பள்ளிகளின் தரவையே காசு கொடுத்துக் கேட்டு நிற்கின்றன. எத்தனை முறை சொன்னாலும் இது மாறுவதில்லை.

ஒரே ஓர் ஆய்வை நம்பி முடிவெடுக்காதீர்கள். தவறு செய்யும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டினால் திருந்துவார்கள் என்று 1970களில் அமெரிக்காவில் ஒரு திட்டம் பிரபலமானது. குலுக்கல் முறைச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய் வந்தவர்களே கூடுதலாகக் குற்றம் செய்திருந்தார்கள். கல்வி, குற்றம், சமூக நலம் ஆகியவற்றில் இப்படிப்பட்ட தொகுப்பாய்வுகளை 2000இல் தொடங்கிய கேம்ப்பெல் கூட்டமைப்பு இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது, எளிய சுருக்கத்துடன். இடைநிற்றல் பற்றி 2011இல் வந்த தொகுப்பாய்வைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலான திட்ட வகைகள் பலன் தந்தன, எந்த வகை என்பதைவிட எவ்வளவு ஒழுங்காக நடத்தினார்கள் என்பதே முக்கியம் என்கிறது அது. விலை உயர்ந்த ‘பிரத்யேக மாதிரி’யை வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

வேறிடத்தில் பலித்தது இங்கே பலிக்குமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய சோதனையில், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகளில் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். 1996இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுக்க வகுப்புகளைச் சிறிதாக்கியது. போதிய ஆசிரியர் இல்லாமல், முழுத் தகுதி பெறாதவர்களைப் பெருமளவில் நியமிக்க நேர்ந்தது. திட்டம் நம்பியிருக்கும் ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆதாரம் போதவில்லை, ஆனாலும் திட்டத்தைத் தொடங்கியே ஆக வேண்டும் என்று மேலிடம் சொன்னால்? அதற்கும் வழியுண்டு. நூறு பள்ளியில் நாற்பதுக்குத்தான் இந்த ஆண்டு பணம் என்றால், அந்த நாற்பதைக் குலுக்கலில் எடுங்கள். ‘இது அநியாயம்’ என்பார்கள். எப்படியும் அறுபது பள்ளி காத்திருக்கத்தான் போகிறது, இன்று அதைத் தீர்மானிப்பது சிபாரிசு. மெக்சிகோவில் 1997இல் ‘ப்ரோக்ரேசா’ உதவித்தொகைத் திட்டம் தொடங்கியபோது சோதனைக்கு எடுத்த 506 கிராமங்களில் குலுக்கலில் வந்த 320 முதலில் பெற்றன, மற்ற 186 பின்னர் பெற்றன. பலன் தெளிவாகத் தெரிந்ததால், 2000இல் ஆட்சி மாறியபோதும் திட்டம் பிழைத்தது, பெயர்தான் பிறகு மாறியது.

குலுக்குமுன் நூறு பள்ளியிலும் இடைநிற்றலை எண்ணிப் பதிவு செய்யுங்கள். மாணவர்களைப் பிரிக்காமல் பள்ளிகளைப் பிரியுங்கள், ஒரே வகுப்பில் இருந்தால் பலன் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். எல்லார் முன்னிலையிலும் குலுக்குங்கள், பட்டியலை அன்றே வெளியிடுங்கள். அதன்பின் ஒரு தொலைபேசி அழைப்பில் நாலு பள்ளி இடம் மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும். ‘கட்டாயம் சேர்க்க வேண்டும்’ என்று அழுத்தம் வரும் பள்ளிகள் இருந்தால் குலுக்கலுக்கு முன்பே தனியாக எடுத்துத் திட்டத்தைக் கொடுத்துவிடுங்கள், கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.