மேலே கருகி, உள்ளே வேகாத மதெய்ரா ரொட்டி

கேள்வி: போர்ச்சுகலின் மதெய்ரா தீவின் 'போலோ டோ காக்கோ' ரொட்டி செய்தேன். மேலே கருகுகிறது, உள்ளே மாவாகவே நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: மாவில் சேரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஈரத்திலோ கல்லின் சூட்டிலோ இருக்கும். 'காக்கோ' என்பது இந்த ரொட்டியைச் சுடும் எரிமலைப் பாறைப் பலகை. (போலோ என்றால் கேக், ஆனால் இதில் சர்க்கரையும் இல்லை, முட்டையும் இல்லை.) அந்தப் பாறை மெல்லச் சூடேறும், ஏறிய சூட்டை விடாது. மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் அது நடக்காது. கனத்த இரும்பு தோசைக்கல்லை எடுங்கள்.

500 கிராம் மைதாவுக்கு வெந்து மசித்த சர்க்கரைவள்ளி 250 கிராம், உப்பு 10 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம். கிழங்கைத் தோலோடு வேகவையுங்கள். நறுக்கிப் போட்டால் தண்ணீரைக் குடித்துவிடும். மசித்ததை முழுக்க ஆறவிட்டே ஈஸ்டோடு சேருங்கள், சூடு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும். கிழங்குக்குக் கிழங்கு ஈரம் மாறுவதால் தண்ணீருக்கு நிலையான அளவு கிடையாது. 100 மி.லி.யில் தொடங்கி, மாவு கையில் லேசாக ஒட்டும் பதம் வந்ததும் நிறுத்துங்கள்.

மாவு இரு மடங்கானதும் ஆறு உருண்டையாக்கி, 2 செ.மீ. கனத்துக்குத் தட்டி, இன்னும் அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெய் வேண்டாம். மிதத்துக்கும் குறைவான தீயில் பக்கத்துக்கு 7, 8 நிமிடம். ஒரே நிமிடத்தில் பழுப்பேறினால் கல் அதிகம் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ரொட்டியை நிமிர்த்திப் பிடித்து விளிம்பையும் கல்லில் உருட்டிச் சுடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். சுடச்சுடப் பிளந்து பூண்டு வெண்ணெய் தடவ வேண்டும்.

கேள்வி: போர்ச்சுகீசிய உப்பு மீனான பக்கல்யாவை இரவு முழுக்க ஊறவைத்தும் உப்புக் கரிக்கிறதே?

பதில்: உப்பிட்டு உலர்த்திய காட் மீனுக்கு ஓர் இரவு போதாது. மெல்லிய துண்டுக்கு 24 மணி, தடித்த நடுத்துண்டுக்கு 48 மணி, ஃபிரிட்ஜுக்குள் வைத்தே. தோல் மேற்பக்கம் இருக்கட்டும். தோல் அடியில் இருந்தால் உப்பு இறங்க வழியில்லை. ஆறு முதல் எட்டு மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, தடித்த இடத்தில் ஓர் இழை கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். இதழ் இதழாகப் பிரிய வேண்டுமானால் தளதளவெனக் கொதிக்கவிடாதீர்கள், நாராகிவிடும். முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் சேரும் 'அ பிராஸ்' செய்வதானால், முட்டை குழைவாக இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள். சட்டியின் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் செய்யும் 'அல்காத்ரா' மாட்டிறைச்சிக் குழம்பைக் குக்கரில் வைக்கலாமா?

பதில்: கறி வேகும். ஆனால் தெர்செய்ரா தீவில் அதை மண்சட்டியில், ஓவனில் மணிக்கணக்கில் வைப்பதே ஒயின் சுண்ட வேண்டும் என்பதற்காக. குக்கரில் நீர் வெளியேறாது; குழம்பு தண்ணீராக, ஒயின் புளிப்போடு நிற்கும். எலும்போடு 2 கிலோ மாட்டிறைச்சி, 200 கிராம் புகையூட்டிய பன்றிக் கொழுப்பு, வெங்காயம், பூண்டு, முழு ஆல்ஸ்பைஸ் காய் பத்து, ஒரு பாட்டில் ஒயின் போட்டு 160 டிகிரியில் நான்கு மணி நேரம்; கடைசி ஒரு மணி மூடியில்லாமல். இதில் சேரும் லாரல் இலை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிரிஞ்சி இலையில் பட்டை வாசம் அதிகம், அது இதற்கு ஒட்டாது.